மூன்றுக்கு மூன்று

தட், தட், தட்.

சங்கமித்ரா பாயில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கையை மட்டும் இறக்கி, விரல் முட்டியால் தரைக்கல்லில் பதிலுக்கு மூன்று தட்டினாள். தட்டிய பிறகுதான் உறைத்தது, அப்பா இப்படித் தட்டமாட்டாரே என்று.

அப்பாவின் தட்டில் ஒரு நொண்டல் உண்டு. இரண்டு சேர்ந்து வரும், நடுவில் ஒரு மூச்சு நிற்கும், அப்புறம் மூன்றாவது. தட்-தட்... தட். நெடுஞ்செழியன் சுரங்கத்தில் பெல்மேனாக இருந்தவர். கூண்டு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மணியடித்துச் சைகை கொடுப்பது அவர் வேலை. மூன்று அடி என்றால் கூண்டில் ஆள் ஏறப்போகிறது. மறுமுனையிலிருந்து மூன்று அடி திரும்பி வந்தால், சரி, ஏறலாம். அடிக்கிறவன் தான்தான் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியட்டுமே என்று இளவயதில் சேர்த்துக்கொண்ட இடைவெளி அது, அப்படியே கையோடு தங்கிவிட்டது. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது நெஞ்சு முழுக்கக் கல்தூசி, கூப்பிட மூச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் இரும்பில் மூன்று தட்டுவார். அவள் சுவரிலோ தரையிலோ கைக்கு எட்டிய இடத்தில் மூன்று தட்டினால், கேட்டுவிட்டது, வருகிறேன் என்று அர்த்தம்.

தங்கவயலில் சுரங்கத்துக்குப் போன வீடுகளில் வளர்ந்த யாரும் இதில் யோசிக்கமாட்டார்கள். தட்டு கேட்டால் பதில் கொடுக்கவேண்டும். பாறை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு மேலே ஆள் இருக்கிறது என்று தெரிய வேறு வழி கிடையாது. பதில் கொடுக்காமல் விடுவது ஆளைக் கொல்வதற்குச் சமம் என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள்.

எழுந்து முன்னறைக்குப் போனாள். பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டில்மேல் போட்டிருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை தாடைவரைக்கும். கைகள் இரண்டும் போர்வைக்குள்ளே.

"தங்கம்மா அக்காவா இருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். தங்கவயலின் கோரமண்டல் பகுதியில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான், பக்கத்து வீட்டில் பூண்டு தட்டினாலும் இங்கே கேட்கும். அணைத்து வைத்திருந்த ஆக்சிஜன் மெஷினைப் போட்டாள். ஒலிப்பதிவின்போது அதன் இரைச்சல் விழுகிறது என்று அரைமணி நேரம் அதை நிறுத்திவிடுவாள். அரைமணி தாங்குவார் என்று டாக்டரே சொல்லியிருந்தார். இருந்தாலும் அந்த ஸ்விட்சைத் தட்டும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வாள்.

அவள் செய்யும் வேலையை ஊரில் யாருக்கும் விளக்கி மாளாது. அயர்லாந்து, வேல்ஸ், கார்ன்வால் என்று அந்தத் தீவுகளில் பேசப்பட்ட மொழிகளுக்கெல்லாம் தாயாக ஒரு மொழி இரண்டாயிரம் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்தது. ஆதி கெல்டிக் என்கிறார்கள். யாரும் அதை எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளின் மூக்கையும் தாடையையும் பார்த்து, பார்த்தேயிராத தாயின் முகத்தை வரைகிற மாதிரி, மகள் மொழிகளின் சொற்களை அடுக்கி வைத்து அந்தத் தாயின் சொல்லை ஊகிக்கவேண்டும். ஊகித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். இதை யாரும் கேட்டதில்லை, எங்கும் எழுதியிருந்ததில்லை, நாங்களாகச் சொல்கிறோம் என்று அதற்குப் பொருள். பெங்களூரில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்த கையோடு வேல்ஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். சொற்களை வரிசைப்படுத்தினாள், இலக்கணத்தில் ஓட்டைகளை அடைத்தாள். பிறகு அவற்றை வாயால் சொல்லிப் பதிவு செய்யவும் கேட்டார்கள். மகள் மொழி எதையும் பேசாத வாயாக இருந்தால்தான் உச்சரிப்பு ஒருபக்கம் சாயாது, குறிலையும் நெடிலையும் சுத்தமாகப் பிரிக்கும் தமிழ் வாய் தோதானது என்று அங்கே ஒருவருக்குத் தோன்றியிருந்தது.

சிரிப்பாக இருந்தாலும் ஒப்புக்கொண்டாள். வீட்டிலேயே இருக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக. இல்லையென்றால் மற்றவர்களைப்போல் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இருட்டியபின் திரும்பவேண்டும். அப்பா கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்க, பதில் கொடுக்க வீட்டில் ஆளில்லாமல் போவதை நினைத்தாலே அவளுக்குத் தாங்காது. உலகத்தில் அவள் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

அந்த வாரம் 'அனத்லா' என்ற சொல்லைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். மூச்சு. மூன்று மகள் மொழிகளிலும் அதன் சாயல் மிச்சமிருக்கிறது. அடுத்தது 'டுப்னோஸ்'. ஆழம் என்று பொருள், ஒரு மகளிடம் அதுவே உலகம் என்றாகிவிட்டது. அப்புறம் 'அத்தீர்'. தகப்பன். அண்டை மொழிகளில் இந்தச் சொல் 'ப' என்ற ஒலியோடு தொடங்கும். இந்த மொழி மட்டும் அந்த ஒலியை எங்கேயோ தொலைத்துவிட்டது. சொல்லின் முன்பல் விழுந்துவிட்டது என்று அவள் அப்பாவிடம் சொன்னபோது, பல்லில்லாத வாயைத் திறந்து காட்டிச் சிரித்தார்.

மறுநாள் காலை வின்னியிடமிருந்து செய்தி வந்தது. வின்னி அங்கே ஒலிப்பதிவுகளைத் திருத்துகிறவள். சொற்களுக்கு நடுவில் யாரோ தட்டும் சத்தம் விழுந்திருக்கிறது, மறுபடி பதிவு செய்யமுடியுமா என்று கேட்டிருந்தாள். வீட்டில் அமைதி இல்லையென்றால் பெங்களூரில் ஒரு ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்துத் தருவார்களாம், தினமும் போய்வரவேண்டியதுதானாம்.

ஸ்டூடியோ என்ற சொல்லைப் பார்த்ததும் சங்கமித்ராவுக்குக் கைகால் பரபரத்தது. வீட்டிலிருந்த மெத்தை, போர்வை, பழைய புடவை எல்லாவற்றையும் உள்ளறைச் சுவர்களில் கட்டித் தொங்கவிட்டாள். கதவிடுக்கில் துணி திணித்தாள். தங்கம் பிரித்தபின் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூசியை அள்ளிக்கொண்டு வந்து ஜன்னலில் அறைகிற பருவம். ஜன்னலையும் சாத்தினாள். அறைக்குள் புழுக்கமும் நாப்தலின் நெடியும் அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் சேர்ந்துகொண்டன. ஈரக்கல், எரிந்த வெடிமருந்து, துருப்பிடித்த தண்ணீர். சின்ன வயதில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்போது சட்டையிலிருந்து வீசுமே, அந்த வாசனை. பழைய புடவையில் ஒட்டியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவின் புடவை அது, சுரங்கத்துப் பக்கமே போகாதது என்று நினைவு வந்தபோது அவள் இரண்டாவது சொல்லில் இருந்தாள்.

சொல்லவேண்டும், நிறுத்தவேண்டும், அமைதியைப் பதிவு செய்யவேண்டும், மறுபடி சொல்லவேண்டும். அந்த அமைதிகள் நீளமாக இருந்தன. உட்காரமுடியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எழுந்து போய் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். முடிந்ததும் பதிவை வின்னிக்கு அனுப்பினாள்.

அன்று மத்தியானம் குழாயடியில் தங்கம்மா குடத்தை வைத்துவிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்கப்பாவுக்குக் கொரல் நல்லா வந்துட்ச்சி போல கீதே? யாராண்ட இங்கிலீஷ்ல பேசிக்கினு இருக்காரு?"

"அப்பாவா? இல்லக்கா. நான்தான் வேலைக்காகப் படிச்சிக்கினு இருந்தேன்."

"உன் கொரலு எனக்குத் தெரியாதா இன்னா? நீ ஒண்ணு சொல்ற, அப்பால அவரு சொல்றாரு. பாடம் ஒப்பிக்கற மாதிரி. ஆம்பள கொரலு. நம்ம செவுத்தாண்ட நின்னு கேட்டேன்."

"நேத்து மத்தியானம் ஏதாவது இடிச்சீங்களா, தட் தட்னு?"

"நேத்து நான் ஊட்லயே இல்லியே. பங்காருப்பேட்டைக்குப் போயிட்டேனே."

குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. தங்கம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எப்படியோ, பேசினாருன்னா சந்தோசம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சங்கமித்ரா குழாயை மூட மறந்து நின்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் போன் அடித்தது. வின்னி செய்தி அனுப்புகிறவளே தவிரக் கூப்பிடுகிறவள் அல்ல.

"யார் அந்த இரண்டாவது ஆள்?" என்றாள் வின்னி. ஆங்கிலத்தில், மூச்சு வாங்க. "முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அருமையாகச் சொல்கிறார். சில உயிரொலிகளை நாம் தப்பாக ஊகித்திருக்கிறோம் என்று அவர் சொல்வதைக் கேட்டதும் தோன்றியது. அவரை நிறுத்தாதே."

"இங்கே வேறு யாரும் இல்லை."

"விளையாடாதே. கடைசிப் பதிவைக் கேள்."

கேட்டாள். ஹெட்போனில் முதலில் தன் குரல். அனத்லா. அப்புறம் அமைதி, போர்வைகள் தின்றுவிட்ட அறையின் அமைதி. அந்த அமைதி முடியும் இடத்தில், நீளமான இரும்புக் குழாயின் மறுமுனையிலிருந்து வருகிற மாதிரி, தாழ்ந்த ஆண்குரல் ஒன்று, பதிவின்போது அவள் காதில் விழவே விழாத குரல், அதே சொல்லைச் சொன்னது. கேலியாக இல்லை. திருத்தியது. கடைசி உயிரைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, நாக்கு வேறெங்கோ பட, மூச்சு என்ற சொல்லை மூச்சே இல்லாத ஒருவன் சொல்கிற மாதிரி. டுப்னோஸ் என்றாள் அவள். டுப்னோஸ் என்றது அது, பிரியமாக, சொந்த ஊரின் பெயரைச் சொல்கிற மாதிரி. ஒவ்வொரு சொல்லுக்கும் அது கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. பதிவின் கடைசியில், அவள் மைக்கை அணைக்குமுன் எழுந்து அப்பாவைப் பார்க்கப் போன நேரத்தில், ஆளில்லாத அறையில் அது தனியாகப் பேசியிருந்தது. ஒற்றைச் சொல் அல்ல. வாக்கியம். தடங்கலில்லாமல் நீளமாக, நடுவில் ஒரு கேள்வி ஏறி இறங்க, ஒரு முழு வாக்கியம்.

உலகத்தில் எத்தனையோ பேர் வாழ்நாளெல்லாம் ஏங்குவது அதற்குத்தான். நட்சத்திரக் குறி தேவைப்படாத ஒரு வாக்கியம். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பில் பாதி ஆசை. அது தெரிந்து அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றிப் பாயில் போட்டுவிட்டு அப்பாவிடம் ஓடினாள்.

நெடுஞ்செழியன் விழித்திருந்தார். சாமி படம் எதுவும் இல்லாத வீடு அது. சுவரில் புத்தர் ஒருவர்தான், அவரும் காலண்டரில். பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் அப்பா எழுந்தே போய்விடுவார். அதனால் சங்கமித்ரா சொல்லச் சொல்ல அவர் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள். சிரித்துவிடமாட்டாரா என்று தவித்தாள்.

"நேத்து தட்டு வந்துச்சா?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மெஷின் ஒருமுறை இரைந்தது. "எப்டி வந்துச்சி?"

"மூணு. சமமா. உன்து மாதிரி நொண்டல."

"நீ இன்னா பண்ண?"

"நீதான்னு நெனைச்சி... மூணு குடுத்துட்டேம்பா."

"மூணுக்கு மூணா?"

அவள் தலையாட்டினாள். அப்பாவின் முகம் வெளிறுவதைக் கண்ணெதிரே பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கேபிள் நசுக்கிக் கோணலாகிப்போன சுண்டுவிரல் அவள் தோலில் அழுந்தியது.

"ஆழ லெவல்ல ஒருத்தன் தட்டுவான்" என்றார். "பேய்னு சொல்லல. இன்னான்னு தெரியாது. சுரங்கத்த மேய்க்க வெள்ளைக்கார கேப்டனுங்க கார்ன்வால்லேருந்து கப்பல்ல வரும்போது, அவங்க ஊரு சுரங்கத்துலேருந்து கூடவே வந்துட்டான்னு எங்கப்பா சொல்லுவாரு. அவன் தட்டினா மட்டும் நாங்க பதில் குடுக்கமாட்டோம். சத்தத்துலயே தெரியும். மனுஷன் கை நடுங்கும். அவன்து நடுங்காது."

"பேசுவானாப்பா?"

"பேசுவான். ராத்திரி ஷிஃப்ட்ல கேட்டுக் கீறேன். எங்களுக்கு ஒண்ணும் புரியாது. நாங்க பேசறது அவனுக்குப் புரியாது. தமிழு, தெலுங்கு, கன்னடம், இங்கிலீஷு, ஒண்ணும் தெரியாது அவனுக்கு. அதனாலதான் பொழைச்சோம்."

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. பாயின்மேல் மைக் சின்னதாகத் தலைநிமிர்ந்து நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அத்தனை வாரங்களாக, தரையோடு தரையாக உட்கார்ந்து, வீட்டின் எல்லாச் சத்தங்களையும் அடக்கிவிட்டு, அவள் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று இருவருக்குமே அப்போது தெரிந்துவிட்டது.

"ஒத்தை அடி வந்துச்சா?" என்றார் அப்பா.

"இல்ல."

"மூணு குடுத்தாச்சி. இனி அவன் ஏறி நின்னுக்கினு ஒண்ணு அடிப்பான். ஒண்ணுன்னா தூக்கு." மெஷின் இரைந்தது. "ரெண்டு கூண்டும் ஒரே சக்கரத்துல தொங்குது. ஒண்ணு மேல வந்தா ஒண்ணு கீழ போவும். எடை வேணுமில்ல?"

"யாரு போவாங்க?"

அப்பா போர்வையின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எவன் தட்டினாலும் பதில் குடுக்காத" என்றார் கடைசியில். "நானே தட்டினாலும்."

"உனக்குத் தண்ணி வேணும்னா?"

"நீயே வந்து பாரு."

அவள் வின்னிக்கு எழுதினாள், இனிப் பதிவு இல்லை என்று. வேலை போனால் போகட்டும். அப்பாவை வீட்டைவிட்டு, இந்த ஊரைவிட்டே கொண்டுபோய்விடவேண்டும். ஆக்சிஜன் வசதியுள்ள ஆம்புலன்ஸ் மறுநாள் காலையில்தான் கிடைக்கும் என்றார்கள். சரி, காலை. அதுவரை சமாளித்துவிடலாம். மைக்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள், பூட்டிய பிறகு அதன் வயரைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள்.

அந்தச் சாயங்காலத்தைப்போல ஒன்றை அவள் அனுபவித்ததில்லை. ஒரு வீட்டில் எத்தனை ஒற்றைச் சத்தங்கள் இருக்கின்றன என்று அதுவரை அவள் கவனித்ததே கிடையாது. குக்கர் விசில் வந்துவிடுமோ என்று பயந்து அதை இறக்கி வைத்துவிட்டுக் கஞ்சியைத் திறந்த பாத்திரத்தில் காய்ச்சினாள். கேட்டின் கொக்கியில் துணி சுற்றினாள். சொட்டுகிற குழாய்க்கு அடியில் பஞ்சு வைத்தாள். கரண்டியைக் கீழே வைக்கும்போது விரலைக் கொடுத்து வைத்தாள். ஓட்டின்மேல் ஏதோ காய் விழுந்தது, ஒரே ஒரு டப், அவள் அப்பாவின்மேல் பாய்ந்து விழுந்து இரண்டு கைகளாலும் அவரைக் கட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. அப்பா அவள் தலையைத் தடவினார். மாரிக்குப்பம் போகும் ரயில் கூவிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் வந்தது, பெங்களூரிலிருந்து திரும்பியவர்களின் செருப்புச் சத்தமும் பேச்சும் லைனில் கொஞ்ச நேரம் ஓடி ஓய்ந்தன. மனிதச் சத்தம் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. வாசல் விளக்கைப் போடலாமா என்று எழுந்தாள்.

கரண்ட் போய்விட்டது.

மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. தெருவே அடங்கியது. மெஷினின் இரைச்சல் ஒரு பெருமூச்சாக இறங்கி நின்றது. அது நின்றபின்தான் அந்த இரைச்சல் எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று தெரிந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் உள்ளறையில் மூலையில் இருக்கிறது. அப்பாவை விட்டுப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம்.

"இதோ வந்துட்டேம்பா. இதோ."

போன் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். தொங்கும் போர்வைகள் முகத்தில் பட்டன. ஈரக்கல் வாசனை அறையை நிரப்பியிருந்தது. சிலிண்டரைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தாள், அதன் கழுத்து குளிர்ந்து வியர்த்திருந்தது.

தட்.

காலுக்கு நேர் கீழே.

ஒன்றுதான்.

அவள் அசையவில்லை. இன்னும் இரண்டு வரட்டும். மூன்றாக இருக்கட்டும். வரவில்லை. அதற்குப் பதில் தரை நடுங்கியது. பாத்திரங்கள் அலமாரியில் சலசலத்தன. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. பழைய சுரங்கத்தில் எங்கோ பாறை சரிந்தால் ஊரே இப்படிக் குலுங்குவது புதிதல்ல, பக்கத்து வீட்டில் தங்கம்மா "ஏர்பிளாஸ்ட், ஏர்பிளாஸ்ட்" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வது கேட்டது. ஆனால் இது சட்டென்று அதிர்ந்து நிற்கவில்லை. சீராக, எண்ணெய் போட்ட சக்கரம் சுற்றுகிற மாதிரி, நின்று நிதானமாக ஓடியது. ஓடி, மெதுவாகி, நின்றது.

அமைதி.

அப்புறம்:

தட்-தட்... தட்.

அப்பா. அவளுக்கு உயிர் வந்தது. கை தானாகச் சுவருக்குப் போனது. பாதியில் நிறுத்தினாள். நானே தட்டினாலும்.

தட்-தட்... தட்.

மூச்சு முட்டுகிறது அவருக்கு. கூப்பிடுகிறார். உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவரைத் தொடாமல், சிலிண்டரை இழுத்தாள். அது நகர மறுத்தது.

தட்-தட்...

மூன்றாவது வர நேரமானது. பலவீனமாக வந்தது.

சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

அப்பா உட்கார்ந்திருந்தார். கட்டில் விளிம்பில், முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தரையில். ஒரு வருஷமாக யாரும் தூக்கிவிடாமல் அவர் உட்கார்ந்ததில்லை. மூக்குக் குழாய் கழன்று மடியில் கிடந்தது. அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், நீளமாக, ஆழமாக, நெஞ்சில் ஒரு கரகரப்பும் இல்லாமல். சின்னப் பெண்ணாக அவர் மார்பில் படுத்துத் தூங்கியபோது கேட்ட மூச்சு. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"அப்பா!"

தட்-தட்... தட்.

போன் வெளிச்சத்தில் அவருடைய இரண்டு கைகளும் தெரிந்தன. முழங்கால்களின்மேல், அசையாமல்.

சத்தம் கல்லுக்கு அடியிலிருந்து வந்தது. வெகு ஆழத்திலிருந்து. இடைவெளியோடு. நொண்டிக்கொண்டு.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பேசினார். அப்பாவின் குரல்தான். அதில் அனத்லா இருந்தது. டுப்னோஸ் இருந்தது. அத்தீர் இருந்தது, அதைச் சொல்லும்போது தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தண்ணீராக ஓடின. எங்கும் தடுக்கவில்லை. எங்கும் நட்சத்திரம் இல்லை. அந்த நிலையிலும் அவள் காது வினைச்சொல் எங்கே விழுகிறது என்று தேடியது. காதை அறுத்து எறியலாம் போலிருந்தது.

தட்-தட்... தட்.

சங்கமித்ரா தரையில் விழுந்தாள். பதில் கொடுக்கவேண்டும். மூன்றுக்கு மூன்று. அப்பா கூண்டில் ஏறி நிற்கட்டும், ஒன்று அடிக்கட்டும், மேலே வரட்டும். இந்தப் பக்கம் எடை வேண்டுமென்றால் தானே போனாலும் சரி. இருட்டில் பதில் இல்லாமல் அவரை விடமுடியாது. முடியவே முடியாது. விரல்களை மடக்கிக் கையை ஓங்கினாள்.

கட்டில் கிரீச்சிட்டது.

அவர் எழுந்து நின்றார். தடுமாறாமல் இரண்டடி வந்தார். அவள் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார், அவள் மைக்கின் எதிரே உட்காருவதைப்போல. கையை நீட்டி, உள்ளங்கையை மேலே காட்டி, கல்லின்மேல் வைத்தார்.

அவள் தட்டினாள். மூன்றும் அந்தக் கையின்மேல் விழுந்தன. வெதுவெதுப்பான சதை. கோணல் சுண்டுவிரல். சத்தமே இல்லை.

வேறு இடத்தில் ஓங்கினாள். கை அங்கே வந்தது.

"அப்பா" என்று கல்லைப் பார்த்துக் கத்தினாள். "அப்பா!"

எதிரே இருந்தவர் குனிந்து அவள் உதடுகளை உற்றுப் பார்த்தார். மெதுவாக வாயைத் திறந்தார்.

"அ... ஆ" என்றார். நடுவிலிருந்த 'ப' வரவில்லை, அந்த மொழி எங்கேயோ தொலைத்த ஒலி. இன்னொரு முறை முயன்றார். "அ... ஆ."

கல்லுக்கு அடியில் தட்டு கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு, இடைவெளி, ஒன்று. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையைக் கல்லிலிருந்து எடுக்காமல், தலையைச் சற்றுச் சாய்த்து, நல்ல மாணவனைப்போல் பொறுமையாக, அவள் சொல்லப்போகும் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்.